ரத்தம் கசியும் ஈறும் வலிக்காத நோயும்

பல் துலக்கித் துப்பும்போது நுரையில் இளஞ்சிவப்பாக ஒரு கீற்று தெரிந்தால், பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பிரஷ் கடினமாக இருக்கிறது என்று முடிவுகட்டி வேறொன்று வாங்குகிறார்கள். இல்லையென்றால், அந்த இடம் புண்ணாகிவிட்டது, ஆறட்டும் என்று அதை விட்டுவிட்டுச் சுற்றிலும் மட்டும் துலக்கத் தொடங்குகிறார்கள். முதலாவதால் கேடு இல்லை. கடினமான பிரஷ் வைத்திருந்தவருக்கு அதில் நன்மையும் உண்டு. இரண்டாவதுதான், பரிவோடு செய்வதுபோலத் தோன்றினாலும், ஈறுகளுக்கு நாம் செய்யக்கூடியவற்றில் மிகக் கெட்டது. ஈறில் ரத்தம் கசிவது பெரும்பாலும் பிரஷ் கீறியதால் அல்ல; அந்த இடத்துக்குப் பிரஷ் பல நாட்களாகச் சரியாகப் போய்ச் சேராததால். இது ஏன் என்று புரிந்துகொள்ள, ஈறு என்பது என்ன, அது பல்லோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கண்ணாடியில் உதட்டைத் தூக்கிப் பார்த்தால், பல்லைச் சட்டையின் கழுத்துப்பட்டைபோலச் சுற்றி நிற்கும் மெல்லிய விளிம்பு முதலில் தெரியும். இந்த விளிம்பு பல்லோடு ஒட்டியது அல்ல, சாய்ந்து நிற்பது. அதற்குக் கீழே எலும்போடு இறுகப் பிணைந்த பகுதி இருக்கிறது. விரலால் நகர்த்தினாலும் அது நகராது. இரண்டு பற்களுக்கு நடுவே முக்கோணமாக எழும்பி இடைவெளியை நிரப்பும் பகுதி மூன்றாவது. நோய் பெரும்பாலும் இந்த முக்கோணத்தில்தான் தொடங்குகிறது, ஏனென்றால் பிரஷின் இழைகள் எளிதில் நுழையாத இடம் அது. நலமான ஈறு இறுக்கமாக, விளிம்பு கூர்மையாக, ஈரம் மின்னினாலும் வீங்கிப் பளபளக்காமல் இருக்கும். நிறத்தை வைத்து மட்டும் முடிவுக்கு வரக் கூடாது. தோலில் உள்ள அதே மெலனின் நிறமி ஈறுகளிலும் இருப்பதால், பலருடைய ஈறுகள் பழுப்பாகவோ கருந்திட்டுகளோடோ இருப்பது முற்றிலும் இயல்பு. பிறந்ததிலிருந்து கருமையாக இருக்கும் ஈறை ‘வெளுக்க’ வைக்கப் பணம் செலவழிப்பவர்களைப் பார்க்கும்போது, அந்தப் பணத்தில் ஒரு பகுதி பல்லிடுக்குக்கான பிரஷுக்குப் போயிருக்கலாமே என்று நினைத்துக்கொள்வேன். கவனிக்க வேண்டியது புதிதாக ஏற்படும் மாற்றத்தை: வழக்கமான நிறத்திலிருந்து ஓர் இடம் மட்டும் சிவந்து தடித்து, விளிம்பு உருண்டு திரண்டிருந்தால், அது அழற்சி.

விளிம்புக்கும் பல்லுக்கும் நடுவே ஓர் ஆழமற்ற பள்ளம் ஓடுகிறது. நலமாக இருக்கும்போது அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். அதன் அடியில், மிக மெல்லிய செல் அடுக்கு ஒன்று பல்லின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு வாயையும் உடலின் உட்புறத்தையும் பிரித்து நிற்கிறது. உடலை மூடியிருக்கும் உறையைத் துளைத்துக்கொண்டு கடினமான ஒரு பொருள் உள்ளே எலும்புவரை இறங்கியிருப்பது பல்லில் மட்டும்தான். அந்தத் துளையின் ஓரத்தை அடைத்துக் காப்பது இந்தச் செல் அடுக்கு. அதன் செல்கள் விரைவாகப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அதன் ஊடாக ஒரு திரவமும் வெள்ளணுக்களும் பள்ளத்துக்குள் இடைவிடாமல் கசிகின்றன. ஆரோக்கியமான ஈறிலும் இந்தக் காவல் ஒரு நாளும் ஓய்வதில்லை. இதற்கும் கீழே, பல்வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலமே உள்ள இடைவெளியில் நார்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருக்கின்றன. பல் எலும்பில் நேராகப் பதிந்திருப்பதில்லை, இந்த நார்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கடிக்கும் விசையைத் தாங்கிக்கொள்வதும், உணவில் ஒரு சிறு கல் அகப்பட்டவுடன் வாயைத் திறக்க வைப்பதும் இந்த நார்ப் படுகையும் அதில் உள்ள நரம்புகளும்தான். ஈறு நோய் முற்றினால் அழிவது ஈறு மட்டுமல்ல. இந்த நாரும், அதைத் தாங்கும் எலும்பும் சேர்ந்தே அழிகின்றன.

இதற்கெல்லாம் காரணமான பொருள், பல்லின் மேல் படியும் பிளாக் என்னும் பற்படலம். பல்லில் ஒட்டிய உணவுத் துணுக்கு என்று பலர் அதை நினைக்கிறார்கள். அது உயிருள்ள பாக்டீரியாக்களின் குடியிருப்பு. 1683-இல் ஆண்டனி வான் லீவன்ஹூக் தன் பற்களின் இடுக்கிலிருந்து எடுத்த வெண்மையான பொருளைத் தானே செய்த நுண்ணோக்கியில் பார்த்து, அதில் துள்ளி நீந்தும் நுண்ணுயிர்களைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். பாக்டீரியாவை மனிதர் கண்டதற்கான மிகப் பழைய பதிவுகளில் ஒன்று பல்லிடுக்கிலிருந்து வந்தது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். அவர் தினமும் பல்லை உப்பால் தேய்த்துச் சுத்தமாக வைத்திருந்தவர். அப்படியும் அது இருந்தது.

பல்லை எவ்வளவு மெருகாகச் சுத்தம் செய்தாலும், சில நிமிடங்களில் உமிழ்நீரின் புரதங்கள் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகப் படிகின்றன. சில மணி நேரத்தில் முதல் பாக்டீரியாக்கள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு அவற்றின் மேல் வேறு இனங்கள் ஒட்டி, பிசுபிசுப்பான ஒரு பசைக்குள் அடுக்கடுக்காக வளர்கின்றன. வாய் கொப்பளித்தால் இது போகாது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தும் பசையைத் தாண்டி எளிதில் உள்ளே ஊடுருவாது. தேய்த்து உரித்தால்தான் போகும். பற்படலத்துக்கு நிறமேற்றும் மாத்திரை ஒன்று உண்டு. மென்று கொப்பளித்தால் படலம் உள்ள இடம் மட்டும் சிவக்கும். நன்றாகத் துலக்கிய வாயிலும் அதைப் போட்டுப் பார்த்தால், பற்களின் முகப்பெல்லாம் வெண்மையாக இருக்க, கீழ்வரிசை முன்பற்களின் பின்புறத்திலும் கடைவாய்ப் பற்களின் இடுக்குகளிலும் ஈறை ஒட்டி மெல்லிய சிவப்புக் கோடு ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கோட்டைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்ட பிறகு, எங்கே துலக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

படலத்துக்கும் ஈறழற்சிக்கும் உள்ள உறவை ஐயமில்லாமல் காட்டியது, டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் நடத்தி 1965-இல் வெளியிட்ட ஆய்வு. நலமான ஈறுகள் கொண்ட 12 பேர் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். சுமார் 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. மிக எளிய ஆய்வு. ஆனால் ஈறுகளைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இதில் இருக்கிறது. நோயை வரவழைக்க இரண்டு மூன்று வாரங்கள் போதும், அந்தக் கட்டத்தில் அதைத் திருப்பி அனுப்ப ஒரு வாரம் போதும், மருந்து எதுவும் தேவையில்லை.

ரத்தம் கசிவதன் பொருளும் இங்கே விளங்கிவிடுகிறது. படலம் ஈறின் ஓரத்தில் தங்கும்போது, உடல் அங்கே ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிகின்றன. பள்ளத்தின் உட்புறத் தோல் மெலிந்து அங்கங்கே புண்ணாகிறது. அதன் பிறகு பிரஷ் இழை இலேசாகப் பட்டாலே ரத்தம் வரும். பிரஷ் அதைக் காட்டிக்கொடுக்கிறதே தவிர உண்டாக்குவதில்லை. கசிகிற இடத்தில் மென்மையான இழைகள் கொண்ட பிரஷால், அழுத்தாமல், ஆனால் விடாமல் துலக்கி வந்தால், முதல் சில நாட்களில் ரத்தம் தொடர்ந்து வரும். ஒன்று இரண்டு வாரங்களில் குறைந்து நின்றுவிடும். நிற்கவில்லை என்றால், அங்கே பிரஷால் எடுக்க முடியாத ஏதோ இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது, படலம் கல்லாக இறுகிய காரையாக இருக்கும்.

கவனிக்காமல் விட்டால், அழற்சி ஈறின் ஓரத்தோடு நிற்பதில்லை. எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை என்றாலும், பலருக்கு ஒரு கட்டத்தில் பல்லைப் பற்றியிருந்த செல் அடுக்கு வேரை நோக்கிக் கீழே இறங்குகிறது. பள்ளம் ஆழமாகிப் பை போன்ற பொந்தாகிறது. காற்றுப் புகாத அந்தப் பொந்தில், காற்றே வேண்டாத பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அவற்றில் பேர்போனது போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். எலும்பை நேராகத் தின்பவை அவை அல்ல. அவற்றை விரட்ட உடல் அனுப்பும் வெள்ளணுக்களும், அவை வெளியிடும் நொதிகளும், அழற்சியால் தூண்டப்பட்டு எலும்பைக் கரைக்கும் செல்களும்தான் நாரையும் எலும்பையும் அழிக்கின்றன. இந்தக் கோட்டைத் தாண்டிய பிறகு இழந்த எலும்பு தானாகத் திரும்பி வராது. சிகிச்சையால் நோயை நிறுத்தி வைக்கலாம், சில வடிவக் குழிகளில் அறுவைச் சிகிச்சையால் ஓரளவு மீட்கவும் செய்யலாம். முற்றிய ஈறு நோய் உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிடுகிறது.

யாருக்கு எவ்வளவு வேகமாக இது நடக்கிறது என்பதற்கான மிகத் தெளிவான பதிவு இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கிடைத்தது. அதே லோவின் குழு 1970-இல் தொடங்கி, பல் துலக்கும் வழக்கமோ பல் மருத்துவமோ இல்லாத 480 ஆண் தொழிலாளர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. எல்லாருடைய பற்களிலும் படலமும் காரையும் ஏராளமாக இருந்தன, எல்லாருடைய ஈறுகளும் அழற்சியில் இருந்தன. ஆனால் அவர்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கு நோய் மிக வேகமாகப் பரவிப் பற்களைப் பறித்தது. 81 விழுக்காட்டினருக்கு நடுத்தர வேகத்தில் நகர்ந்தது. 11 விழுக்காட்டினருக்கு ஈறழற்சியைத் தாண்டிப் போகவே இல்லை. பற்சொத்தை அவர்களிடம் ஏறக்குறைய இல்லை என்பதும் குறிப்பிட வேண்டியது: சொத்தை ஒன்றுகூட இல்லாத வாயும் எல்லாப் பற்களையும் ஈறு நோயால் இழக்கலாம். சிகிச்சை பெறாத மனிதர்களை அத்தனை ஆண்டுகள் அளந்துகொண்டிருந்த அந்த ஆய்வை வாசிக்கும்போது மனம் உறுத்தாமல் இல்லை. ஆனாலும், ‘என் தாத்தா பல்லே துலக்கியதில்லை, கடைசிவரை பல் விழவில்லை’ என்று யாராவது சொன்னால், அவர் அந்த 11 விழுக்காட்டைச் சேர்ந்தவராக இருந்திருக்கலாம் என்று பதில் சொல்ல முடிவது அந்த ஆய்வால்தான். தான் எந்தப் பிரிவு என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

இதில் பெரும் தொல்லை, வலி இல்லாமை. பற்சொத்தை நரம்பை எட்டும்போது ஆளைத் தூங்கவிடாது. ஈறு நோயோ எலும்பில் பாதியைக் கரைத்த பிறகும் சத்தமில்லாமல் இருக்கும். சீழ்க்கட்டி வந்தால்தான் வலிக்கும். வாய் நாற்றம், பற்களுக்கிடையே புதிதாக விழும் சந்து, பல் நீண்டுவிட்டதுபோன்ற தோற்றம், முன்பற்கள் விசிறிபோல விரிவது, கடிக்கும்போது ஒரு பல் இலேசாக அசைவது ஆகியவையெல்லாம் தாமதமான அறிகுறிகள். புகைப்பவர்களிடம் ரத்தக் கசிவு என்ற அந்த ஒரே ஆரம்ப எச்சரிக்கையும் மங்கிவிடுகிறது. புகை, அழற்சிக்கு ஈறின் ரத்தக் குழாய்கள் காட்டும் எதிர்வினையை அடக்கிவிடுவதால், உள்ளே பொந்து ஆழமாகிக்கொண்டிருக்கும்போது வெளியே ஈறு வெளிறி இறுக்கமாக, நலமாக இருப்பதுபோல் தெரியும். புகைப்பதை நிறுத்திய பிறகு சிலருக்கு ஈறில் ரத்தம் வரத் தொடங்கும். பயந்து மீண்டும் புகைக்க அது காரணமாகக் கூடாது.

சர்க்கரை நோயோடு உள்ள உறவு இருவழியானது. கட்டுப்படாத சர்க்கரை ஈறு நோயைத் தீவிரமாக்குகிறது. தீவிரமான ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. ஈறுகளுக்குச் சிகிச்சை அளித்தால் சர்க்கரை அளவு ஓரளவு மேம்படுவதும் காணப்பட்டிருக்கிறது. சர்க்கரைக்காகக் கண்ணையும் காலையும் ஆண்டுதோறும் பரிசோதிப்பவர்கள் ஈறுகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்வது நியாயம். இதய நோயோடும் ஈறு நோய்க்குத் தொடர்பு காணப்படுகிறது. ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை, ஆகவே ‘பல் துலக்கினால் மாரடைப்பு வராது’ என்ற வகை விளம்பரங்களை நான் நம்புவதில்லை. கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் சிறிதளவு படலத்துக்கும் ஈறு மிகையாக வீங்கும். அந்தக் காலத்தில் பல் மருத்துவரிடம் போகக் கூடாது என்ற எண்ணம் தவறு, காரை எடுப்பது அப்போதும் பாதுகாப்பானது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், நிஃபெடிபின், உறுப்பு மாற்றம் செய்தவர்கள் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரின் ஆகியவை சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்து பல்லின் மேல் வளரவிடும். அப்படி ஆனால் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஈறின் நிலையைக் கண்ணால் பார்த்து மட்டும் சொல்ல முடியாது, அளக்க வேண்டும். மில்லிமீட்டர் கோடுகள் போட்ட, முனை மழுங்கிய மெல்லிய கம்பியை மருத்துவர் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் ஆழம் பார்ப்பார். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபடி கேட்டால், ‘இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, மூன்று’ என்று அவர் ஒரே சீராகச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொண்டே போவார். கடைவாயை நெருங்கும்போது ‘ஐந்து, ரத்தம்’ என்று ஒரு சொல் கூடுதலாக வரும். நமக்கோ அங்கே எந்த வலியும் தெரிந்திருக்காது. பல வருகைகளில் நான் கவனித்த அளவில், இந்த எண்களைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தும் நோயாளிகள் மிகக் குறைவு. ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கோப்பில் வைப்பவர்கள் இதையும் வைக்கலாம்: மூன்றுக்குள் இருந்தால் நல்லது, நான்கும் அதற்கு மேலும் என்றால் கவனம் தேவை, சென்ற முறை மூன்றாக இருந்தது இம்முறை ஐந்தாகியிருந்தால் நோய் நகர்கிறது.

ஸ்கேலிங், அதாவது மருத்துவர் கருவியால் காரையை எடுப்பது, செய்தால் பல் ஆடும், சந்து விழும், எனாமல் போய்விடும் என்ற அச்சத்தைப் போல ஈறுகளுக்குக் கேடு செய்த நம்பிக்கை வேறொன்று இருக்காது. உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் படலத்தில் படிந்து அதைக் கல்லாக்குவதே காரை. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் திறக்கும் இடங்களான கீழ் முன்பற்களின் உட்புறத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும் அது அதிகம் சேரும். அதைப் பிரஷால் எடுக்க முடியாது. அதன் சொரசொரப்பான மேற்பரப்பில் புதுப் படலம் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த காரையை எடுக்கும்போது, எலும்பு கரைந்த இடத்தில் காரை அடைத்துக்கொண்டிருந்த இடைவெளி வெளிப்படுகிறது. வீங்கிய ஈறு வற்றிச் சுருங்குகிறது. காரை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த பல் தன் உண்மையான தளர்ச்சியைக் காட்டுகிறது. சந்தும் ஆட்டமும் நோய் செய்தவை. பழி ஸ்கேலிங் கருவியின் மேல் விழுகிறது. வேர் வெளிப்பட்டதால் சில நாட்கள் கூச்சம் இருக்கும், அது உண்மைதான். பொந்து ஆழமாக இருந்தால் மரத்துப்போகும் ஊசி போட்டு ஈறின் அடியில் வேரைச் சுத்தம் செய்வார்கள்; ஈறு மீண்டும் பல்லை இறுகப் பற்ற அவகாசம் தந்து, சில வாரங்கள் அல்லது மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பார்கள். அப்போதும் ஆழம் குறையாத இடங்களுக்குத்தான் அறுவைச் சிகிச்சை.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை, ஆனால் இடம் தவறக் கூடாது. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாஸ் பரிந்துரைத்த முறை இன்றும் கற்பிக்கப்படுகிறது: பிரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 பாகை சாய்த்து வைத்து, இழைகளின் நுனி பள்ளத்தின் வாயில் இலேசாக நுழையும்படி, இருந்த இடத்திலேயே சிறு அசைவாக அதிரவிட்டு, பிறகு அடுத்த இரண்டு பற்களுக்கு நகர வேண்டும். இப்படி உள்ளும் புறமும் முடிக்க இரண்டு நிமிடமாவது ஆகும். அகலமாக இழுத்து அழுத்தித் தேய்ப்பது ஈறைக் கீழே தள்ளும். அப்படி இறங்கிய ஈறு திரும்ப மேலே வளர்வதில்லை, தேவைப்பட்டால் அண்ணத்திலிருந்து திசு எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். பேனாவைப் பிடிப்பதுபோல விரல்களால் பிரஷைப் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், ஒரு வேளைதான் முடியும் என்பவர் இரவைத் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு வேளை என்பதே சரியான கணக்கு.

பல்லிடுக்கு தனி வேலை. பிரஷ் அங்கே போகாது, எந்த விலையுள்ள பிரஷும் போகாது. சந்து இருப்பவர்களுக்குச் சிறு புட்டித் துடைப்பான் வடிவில் உள்ள இடுக்கு பிரஷ், ஃப்ளாஸ் நூலைவிட நன்றாக வேலை செய்கிறது. இடுக்குக்கு ஏற்ற அளவில் அது உராய்ந்து நுழைய வேண்டும், திணிக்கக் கூடாது. ஒரே வாயில் இரண்டு அளவுகள் தேவைப்படுவது சாதாரணம். பற்கள் நெருக்கமாக இருப்பவர்களுக்கு நூல்தான் வழி, அதையும் இரு பற்களின் பக்கத்தையும் வளைத்து ஈறுக்குள் சற்று இறங்கும்படி மேலும் கீழும் இழுக்க வேண்டும். படக்கென்று வெட்டி இறக்கினால் ஈறு காயப்படும். குளோர்ஹெக்சிடின் கலந்த கொப்பளிப்பு மருந்து நல்லதுதான், ஆனால் பல்லில் பழுப்புக் கறையும் நாக்கில் சுவை மாற்றமும் தரும் என்பதால் மருத்துவர் சொன்ன குறுகிய காலத்துக்கு மட்டும். அதைத் துலக்குவதற்குப் பதிலாக வைத்துக்கொள்பவர்கள் ஏமாறுகிறார்கள்.

ஈறின் முக்கோண நுனிகள் திடீரென்று அரித்ததுபோல் மழுங்கி, கடும் வலியும் தாங்க முடியாத நாற்றமும் சேர்ந்து வந்தால் அது காத்திருக்கக் கூடாத தீவிரத் தொற்று. முகம் வீங்கினாலும் காய்ச்சல் வந்தாலும் அன்றே போக வேண்டும். மற்றபடி, ஈறு நோய்க்குச் சிகிச்சை முடித்தவர்களை மூன்று மாதத்துக்கொருமுறை வரச் சொல்வது வருமானத்துக்காக அல்ல. சுத்தம் செய்த பொந்துகளில் பழைய பாக்டீரியாக்கள் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மறுபடி குடியேறிவிடுகின்றன. இழந்த பல்லுக்குப் பதில் எலும்பில் திருகிப் பொருத்தும் இம்பிளான்ட்டுக்கும் இதே விதி. அதைச் சுற்றி நார்ப் படுகை கிடையாது, படலம் சேர்ந்தால் அதன் எலும்பும் அழற்சியால் கரையும். ஆகவே மீதமுள்ள பற்களின் ஈறுகளில் ரத்தக் கசிவு அடங்கி, ஆழங்கள் குறைந்த பிறகே இம்பிளான்ட் பொருத்தலாம் என்று மருத்துவர் சில மாதங்கள் தள்ளிப்போட்டால், அந்த மாதங்களைக் கொடுத்துவிடுவது நல்லது.